தொடுவில்லையுங் கண்ணீரும்

மூக்கின்மேல் அணியுங் கண்ணாடியை விடுத்து விழியின்மேலேயே அணியும் வில்லையைப் பற்றி இலக்கணம் படிப்பிக்கும் ஒருவன் எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். அது கண் வைத்தியர்க்குரிய பொருளன்றோ எனின், உண்மையே. ஆயினும் இப்பொருள் நம் பிள்ளைகளின் கண்ணுக்குட் புகுந்து ஆண்டுகள் பலவாகியும் நம் மொழிக்குள் இன்னுஞ் செவ்வையாகப் புகவில்லை. அதன் பெயரிலே தெளிவில்லை. அதனோடு வரும் அறிவுறுத்தல் நமக்கு விளங்கும் மொழியில் இல்லை. வகுப்பறையிலே அதனைக் குறித்து ஒருவரும் வாய்திறப்பதில்லை. ஆதலின் இதில் ஆசிரியர்க்கும் சொல்லாராய்வார்க்கும் ஒரு பங்கு உண்டென்பது எம் துணிபு.

பெயரிலிருந்தே தொடங்குவோம். ஆங்கிலத்திலே கொன்ராக்ற் லென்ஸ் எனப்படும் இதற்குத் தமிழிலே தொடுவில்லை, ஒட்டுவில்லை, விழிவில்லை, விழியொட்டி எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. அவற்றுள் மிகுதியாகக் கண்ணிற்படுவது தொடுவில்லை. வில்லை என்பது பௌதிகவியல் நூல்களிலே நன்கு பழகிய சொல், அதிற் குற்றமில்லை. ‘தொடு’ என்னும் முதனிலையே ஆராயத்தக்கது. தொடுவில்லை என்பது வினைத்தொகை. ஊறுகாய் என்பதனை ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறுங்காய் என முக்காலத்தும் விரித்தல்போல, இதனையுந் தொட்ட வில்லை, தொடுகின்ற வில்லை, தொடும் வில்லை என விரித்தல் வேண்டும். விந்தை யாதெனின், முறைப்படி அணிந்த வில்லை இம்மூன்று காலத்துள் ஒன்றிலேனும் விழியைத் தொடுவதில்லை. விழிக்கும் அதற்கும் இடையே மிகமெல்லிய கண்ணீர்ப்படலம் ஒன்று கிடக்கின்றது. கடனீரேரியிலே தோணி கிடப்பதுபோல வில்லை அக்கண்ணீரின்மேல் மிதக்கின்றது. இமைக்குந்தோறும் சிறிது அசைகின்றது. கண்ணீர் வற்றி, வில்லை மெய்யாகவே விழியைத் தொடத் தொடங்குமாயின் அன்று நோய் தொடங்கிற்று என்க.

இச்சொல்லாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று. தொடுவில்லை என்று கேட்ட மாணவன் கண்ணிலே ஒரு தகட்டை ஒட்டிவைப்பதாகவே எண்ணுகின்றான். ஒட்டிவைத்த பொருளை மறந்திருக்கலாம். சுவரில் ஒட்டிய படத்தை யார் நாடோறும் நோக்குகின்றனர்? மிதக்கும் பொருளென்று அறிந்தவனோ அது மிதக்கும் நீரைப் பற்றிக் கேட்பான். அந்நீர் போதிய அளவு உண்டோ, தூயதோ, அதனுள் வேறுநீர் கலக்கலாமோ என்று கேட்பான். இவ்வில்லையைத் தெரிதலும் அணிதலும் பேணுதலும் ஆகிய மூன்றும் இக்கேள்விகளுள் அடங்குவன.

நிற்க. முதன்முதற் பெயரிட்டவர்மேற் பழி சுமத்தல் தகாது. சூரிச் நகரிலே கண் வைத்தியராயிருந்த அடோல்வ் பிக் என்னும் ஜெர்மானியர் 1888இல் வெளியிட்ட கட்டுரையிலேதான் ‘தொடு கண்ணாடி’ என்னும் பொருள்படும் பெயர் தோன்றிற்று. அவர் ஊதிச் செய்த கண்ணாடி, விழியின் நடுவைத் தொடாது, கண்ணின் வெள்ளையிலே விளிம்பு படிந்து கவிந்து நின்றது. இடைவெளியிலே குளுக்கோசுக் கரைசலை நிரப்பினார். முயல்களின் கண்ணிலே இட்டுப் பார்த்தார். பின் தம் கண்ணிலே இட்டார். அதன்பின்னரே நோயாளரிடஞ் சென்றார். அக்கண்ணாடி வெள்ளையைத் தொட்டதாகலின் அவரளவிலே அது பொருந்திய காரணப்பெயரே. காரணம் நீங்கிய பின்னரும் பெயர் நிலைத்தது. சொல் வரலாற்றிலே இது புதுமையன்று. அடுத்த ஆண்டிலே, கீல் நகரத்து மருத்துவ மாணவராகிய அகஸ்து மியூலர் என்பார் தமது கடுங்குறும்பார்வைக்குத் தாமே கண்ணாடி சமைத்து அணிந்தார். கொக்கெயின் இட்டுக் கண்ணை மரக்கச் செய்தும் அரைமணி நேரத்தின்மேல் அவராற் பொறுக்க இயலவில்லை. பிக் கண்டதோ ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அக்காலத்து வில்லை எவ்வளவு துன்பந் தந்தது என்பது இதனால் விளங்கும்.

அத்துன்பத்தின் காரணம் பாரமும் உராய்வும் மட்டுமன்று. கண்ணின் முன்புறத்திலே, கைக்கடிகாரத்தின் மேற்கண்ணாடிபோலப் புடைத்து நிற்கும் ஒளிபுகு படலத்தை விழிவெண்படலம் என்பர். (இப்பெயருங் கருதத்தக்கது. அதில் வெண்மை சிறிதுமில்லை. அது வெளுத்த நாளிலே பார்வை மறைந்துவிடும்.) நடுவிலே அரை மில்லிமீற்றர் அளவே தடிப்புள்ள அப்படலத்தினுள் குருதிக்குழாய் ஒன்றேனுங் கிடையாது. இருந்தால் ஒளி தடைப்படும். உடம்பின் ஏனை உறுப்புகள் குருதியாலே ஒட்சிசன் பெற, இவ்வுறுப்பு அதனைப் பெரும்பாலுங் காற்றிலிருந்து கண்ணீரின் வழியே பெறுகின்றது. எனவே விழியின்மேல் எதனை வைத்தாலும் அது மூச்சின்மேல் வைத்த கையாகும். கண்ணாடி ஒட்சிசனை விடாது. 1948இலே கலிபோர்னியாவிலே தோன்றிய சிறு பிளாஸ்ரிக் வில்லையும் அதனை விடாது. உருவிலே சிறியதாய் இமைக்குந்தோறும் அசைந்து கீழே புதுக் கண்ணீர் புக இடங்கொடுத்தமையாலேதான் அது நின்று பயன்பட்டது.

மென்வில்லையின் கதை இன்னுஞ் சுவையுடையது. செக்கோசிலவாக்கியாவிலே ஒட்டோ விக்தர்லே என்னும் இரசாயனப் பேராசிரியர் நீரை உறிஞ்சி மெதுவாகும் ஒருவகைப் பிளாஸ்ரிக்கைத் தம் துணைவரோடு கண்டார். அதிலே வில்லை செய்யலாமென அவர் எவ்வளவோ எடுத்துக்கூறியும் அதிகாரிகள் அம்முயற்சியைக் கைவிட்டனர். அவர் கைவிடவில்லை. 1961ஆம் ஆண்டு நத்தார்க் காலத்திலே, தம் வீட்டு மேசையின்மேல், சிறுவர் விளையாடும் இரும்புத்துண்டுகளைப் பூட்டி, சைக்கிள் டைனமோ ஒன்றைச் சுழலியாக்கி, அச்சுழற்சியிலே முதன்முதல் மென்வில்லைகளை வார்த்தெடுத்தார். 1971இல் அமெரிக்க அரசு அவ்வகை வில்லைக்கு அனுமதி வழங்கியது. இன்று நம் பட்டினங்களிலே விற்கப்படும் மென்வில்லை அம்மேசையின் வழித்தோன்றலே. 1990களின் இறுதியிலே சிலிக்கோன் கலந்த மென்வில்லைகள் வந்தன. முன்னையவற்றினும் இவை ஒட்சிசனைப் பன்மடங்கு விடுவன. விஞ்ஞான பாடத்திலே நியூற்றனின் ஆப்பிளைக் கூறும் ஆசிரியர்கள் இந்தச் சைக்கிள் டைனமோவையுங் கூறலாகாதோ?

இனித் தெரிதலைக் கூறுவாம். வில்லையைத் தெரிவது கடைக்கண்ணாடியிலே முகம் பார்த்துச் செய்யும் வேலையன்று. விழியின் வளைவு ஆளுக்காள் வேறுபடும். அவ்வளைவை அளத்தல் வேண்டும். விட்டத்தை அளத்தல் வேண்டும். கண்ணீர் போதிய அளவு சுரக்கின்றதோ, சுரந்தது விரைவிலே வற்றுகின்றதோ எனப் பார்த்தல் வேண்டும். மூக்குக்கண்ணாடிக்கு எழுதிய துண்டைக் காட்டி வில்லை வாங்கலாமென்பது பலருடைய எண்ணம். மூக்குக்கண்ணாடி விழியினின்றும் ஏறக்குறையப் 12 மில்லிமீற்றர் விலகி நிற்பது; வில்லையோ விழியின்மேற் கிடப்பது. வலுக் கூடிய குறும்பார்வையிலே இவ்விலகல் கணக்கை மாற்றிவிடும். கண்ணாடிக்குரிய வலுவினும் வில்லைக்குரிய வலு குறையும். வளைவும் விட்டமுமோ அத்துண்டிலே இரா. அணிந்த பின்னரும் அது விழியின்மேல் எவ்வாறு அசைகின்றது என்பதை வைத்தியர் உருப்பெருக்கியாற் பார்த்த பின்னரே ‘இது பொருந்தும்’ என்னல் தகும்.

ஒருநாள் அணிந்து எறிவனவும், ஒருமாதம் வைத்து அணிவனவும், காற்றை விடும் வல்வில்லைகளுமென இவை பலவகைப்படும். மாணவர்க்கு எது நன்றென எம்மைக் கேட்பின், அன்றன்று எறிவதே நன்றென்போம். அதற்குச் சிமிழும் வேண்டா, கரைசலும் வேண்டா. சோம்பலுக்கு இடமுங் குறைவு. ஆயின் விலை மிகும். அவ்விலையைக் கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளை, ஒருநாள் வில்லையை ஒருவாரம் அணிவதிலும் மூக்குக்கண்ணாடி அணிவது எவ்வளவோ மேல். இதனைச் சொல்ல நாணவேண்டியதில்லை. மூக்குக்கண்ணாடியால் விழியிலே கிருமி தொற்றியதாக யாங் கேட்டதில்லை.

வில்லையே மருந்தாக வேண்டியோரும் உளர். விழிவெண்படலம் மெலிந்து கூம்புபோலப் புடைத்துவிடும் நோயொன்று இளம்பருவத்தாரை வருத்துகின்றது. அன்னார்க்கு எவ்வகை மூக்குக்கண்ணாடியுந் தாராத தெளிவை வல்வில்லை தரும். கண்ணிலே வெண்புரையோடு பிறந்து சத்திரசிகிச்சை பெற்ற பச்சிளங்குழந்தைக்கும் வில்லை இடுவதுண்டு. இவர்களை நோக்கி ‘இஃதென்ன பகட்டு’ என்பார் வாயடங்குக. வில்லை ஆகாதென்பது எம் கட்சியன்று. யாருடைய கண்ணுக்கு, எக்காரணத்தால், யார் அளந்து கொடுத்தது என்பவையே எம் வினா.

இவ்விடத்திலே நம் சமூகத்தின் ஒரு பழக்கத்தைத் தொடாது செல்லல் இயலாது. பெண்பிள்ளைகள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வில்லைக்கு மாறுவது பெரும்பாலும் எப்பொழுது? கலியாணப் பேச்சுத் தொடங்கும் பொழுது. செவ்வாய்க் குற்றத்தை ஒளியாது முதலிலே சொல்லிவிடும் பெற்றோர், மகளின் குறும்பார்வையை ஒளிக்கின்றனர். ‘கண்ணாடி போட்ட பெட்டை’ என்று மாப்பிள்ளை வீட்டார் முகஞ்சுளிப்பரென்னும் அச்சம். (மாப்பிள்ளை கண்ணாடி அணிந்திருந்தால் அவர் படித்தவராம்!) ஆகவே படமெடுக்கும் நாளுக்கு ஒருசோடி வில்லை அவசரமாக வாங்கப்படுகின்றது. பழகாத கண். பின்னர் மணநாளிலே விடியற்காலை நான்கு மணிக்கு இட்ட வில்லை, ஓமப்புகையிலும் ஒளிப்படக்காரரின் வெளிச்சத்திலும் நள்ளிரவுவரை கிடக்கின்றது. மணமகள் கண்ணீர் வடித்தால் தாய்வீட்டைப் பிரியும் துயரென்று எல்லாரும் உருகுகின்றனர். பாதி வில்லையின் வேலையென்பதை யார் அறிவார்? களைத்து, கழற்றாமலே உறங்கிவிடுகின்றாள். கண் மூடியபொழுது காற்று எட்டாது. இமையின் உட்புறத்திலிருந்து கசிவதே விழிக்கு மூச்சு. அந்நேரத்திலே வில்லையும் மறைத்தால் விழி வீங்கும். கிருமிக்கு வழி திறக்கும். வில்லையோடு உறங்குவார்க்கு விழித்தொற்று உண்டாகும் வாய்ப்புப் பன்மடங்கு என்பதை வைத்தியர்கள் திரும்பத் திரும்பக் கூறுகின்றனர். மணமகளோடு கூட இருக்குந் தோழியர்க்கு இது தெரிந்திருத்தல், மாலையையும் பூவையுங் கவனித்தலிலும் முக்கியமானது.

பேணுதலைப் பற்றி நீள எழுதவே இக்கட்டுரையை எடுத்தோம். நம் நாட்டு நிலைக்கேற்ப எழுதுவார் அரியராதலின், வெளிநாட்டு ஏடுகளிற் காணாத சிலவற்றை முன்வைக்கின்றோம். வில்லையைத் தொடுமுன் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நூல் கழலாத தூய துவாயால் ஈரம்போகத் துடைத்தல் வேண்டுமென்பதை எல்லா ஏடுங் கூறும். மிளகாய்த்தூள் பிசைந்த கையை ஒருமுறை கழுவினாலும் எரிவு போகாதென்பதை நம் சமையலறை அறியும். அந்நாளிலே வில்லையைப் பிறர் கையாற் கழற்றலுங் கூடாது, தம் கையாற் கழற்றலுங் கூடாது என்னுஞ் சங்கடம் எழும். ஆதலாற் சமையலுக்கு முன்னரே கழற்றிவிடுதல் நன்று. கண்ணுக்கு மை தீட்டுவார் வில்லையை இட்ட பின்னரே தீட்டுக. இரவிலே வில்லையைக் கழற்றிய பின்னரே மையைத் துடைக்க. திருநீறு அணிவார் நெற்றியை நிமிர்த்திக் கண்ணை மூடி அணிக. குனிந்து அள்ளிப் பூசினால் துகள் இமைக்குள் விழும். வில்லையின் கீழ்ச் சென்ற துகள் விழியைக் கீறும். பேருந்திலே யன்னலோரத்திலே அமர்ந்து செம்மண் தெருவழியே போவார்க்குஞ் சொல்லத்தக்கது இதுவே. கைத்தொலைபேசியை உற்றுநோக்குவார் இமைக்க மறக்கின்றனர். இமையாத கண்ணிலே கண்ணீர்ப்படலம் பிளந்து வறளும். பரீட்சைக் காலத்து மாணவர் வீட்டிலிருந்து படிக்கும்பொழுது மூக்குக்கண்ணாடியோடே படித்தல் சாலும்.

இவையெல்லாஞ் சிறியன. பெரியது நீர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறில்லை. சுண்ணாம்புக்கல்லினுள் ஊறும் நீரைக் கிணற்றால் முகந்தே நாம் வாழ்ந்தோம். நல்ல தண்ணீர்க் கிணறு ஊருக்கு உயிர். ஆகவே கிணற்றுநீர் தூயதென்பது நம் குருதியில் ஊறிய நம்பிக்கை. குடிப்பதற்கு அந்நம்பிக்கை எவ்வளவு பொருந்துமென்பதை வேறோரிடத்தில் ஆராய்க. வில்லைக்கு அது சிறிதும் பொருந்தாது. கிணற்றுநீர், குளத்துநீர், குழாய்நீர், கடல்நீர் ஆகிய எவற்றினும் அகாந்தமீபா என்னும் நுண்ணுயிர் இருத்தல் கூடும். குடித்தாற் பெரும்பாலுந் தீங்கில்லை. வில்லையிலே பற்றி விழியினுட் புகுந்தாற் படலத்தைத் தின்னத் தொடங்கும். குளோரீன் இட்டாலும் அது தன்னைச் சுற்றிக் கூடுகட்டிப் பிழைத்துக்கொள்ளும். அக்கூட்டை மருந்தும் எளிதிலே துளைப்பதில்லை. எனவே வில்லையைக் கழுவுதற்கும், ஊறவைத்தற்கும், சிமிழை அலசுதற்கும் அதற்கென விற்கப்படுங் கரைசலன்றி வேறெந்த நீரும் ஆகாது. வடித்த நீரும் ஆகாது. வீட்டிலே உப்பிட்டுக் கரைத்த நீரும் ஆகாது. வாயின் எச்சில் ஒருபோதும் ஆகாது. குளிக்குமுன் கழற்றுக. ஆடியமாவாசைக்குக் கீரிமலைக் கேணியிலே மூழ்குவோரும், தீர்த்தத் திருவிழாவிலே கடலாடுவோரும் வில்லையை வீட்டிலே வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியோடு போதலே தக்கது. தெய்வம் மங்கலாகத் தெரிந்தாலும் குறையில்லை.

கரைசலைப் பற்றியும் ஒன்று. இரவு கழற்றிய வில்லையை உள்ளங்கையில் வைத்து, கரைசல் விட்டு, விரல்நுனியால் மெல்லத் தேய்த்து, மீண்டுங் கரைசலால் அலசிச் சிமிழில் இடல் வேண்டும். காலையிலே சிமிழிலுள்ள பழங்கரைசலைக் கொட்டிவிடல் வேண்டும். கொட்ட மனமின்றி அதன்மேலே சிறிது புதிது நிரப்புவார் பலர். பழங்கஞ்சியிலே புதுச்சோறு கலந்தாற் புதுச்சோறும் புளிக்கும் என்பதை அறியாதவரா நாம்? 2006இலே சிங்கப்பூர், ஹொங்கொங், அமெரிக்கா முதலிய இடங்களிலே வில்லை அணிந்தோர் பலர்க்கு விழியிலே பங்கசுத் தொற்று உண்டாயிற்று. குறித்த ஒரு கரைசலோடு அது தொடர்புடையதெனக் கண்டு அதனை உலகச் சந்தையினின்றும் நீக்கினர். ஆராய்ந்தபொழுது இப்படிப் பழையதன்மேற் புதியது நிரப்பும் வழக்கமும் அத்தொற்றோடு சேர்த்து நோக்கப்பட்டது. சிமிழைக் கரைசலால் அலசி, கவிழ்த்து, காற்றிலே உலரவிட்டு, மூன்று திங்களுக்கொருமுறை மாற்றுக. குங்குமச் சிமிழைத் தலைமுறை தலைமுறையாய் வைத்திருக்கலாம். இச்சிமிழ் அவ்வகையினதன்று.

எம்மிடம் படித்த மாணவி ஒருத்தி, வீட்டை விட்டுத் தொலைவிலே தங்கிப் படித்த காலத்தில், கரைசல் தீர்ந்தமையால் இரண்டு நாள் விடுதிக் கிணற்றுநீரிலே வில்லையை ஊறவைத்தாள். இடக்கண் சிவந்தது. கண்நோய் என்று எண்ணி நந்தியாவட்டைச் சாறு விட்டனர். பின் எவரோ பாவித்து மிஞ்சிய மருந்துத்துளியை விட்டனர். வலி நாடோறும் ஏறிற்று. வெளிச்சத்தைப் பார்க்க இயலாமற் போர்வையால் முகத்தை மூடிக் கிடந்தாள். வைத்தியசாலைக்குச் சென்றபொழுது இரண்டு வாரங்கள் கடந்துவிட்டன. அதன்பின் இரவும் பகலும் மணிக்கொருதரம் மருந்துவிடல். அது பல மாதங்கள் நீண்டது. நோய் தணிந்தது, விழியின் நடுவிலே வெண்டழும்பு நின்றது. அவள் இன்று ஓர் ஆசிரியை, வலக்கண்ணாற் படிப்பிக்கின்றாள். பத்தாம் வகுப்பிலே அமீபாவின் படத்தை அழகாக வரைந்து உறுப்புகளைக் குறித்து முழுப்புள்ளி பெற்றவள் அவள் என்பது எமக்கு நினைவிருக்கின்றது. அவ்வுயிரின் இனத்தவொன்று தன் கண்ணுக்கு வரக்கூடும் என்று பாடப்புத்தகமுஞ் சொல்லவில்லை. யாமுஞ் சொல்லும் வாய்ப்புப் பெறவில்லை. வில்லை அணிந்தார் எவர்க்கேனுங் கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பொறாது, பார்வை மங்குமாயின், அக்கணமே வில்லையைக் கழற்றி அன்றைக்கே கண் வைத்தியரிடஞ் செல்லுதல் வேண்டும். கழற்றிய வில்லையைச் சிமிழோடு எடுத்துச் செல்லுதல் நன்று. அதிலே கிருமியைத் தேடிப் பார்ப்பர்.

நிறவில்லை என்று மற்றொன்று உண்டு. பார்வையிலே குறையொன்றும் இல்லாதார் கருமணியைப் பூனைக்கண்ணாக்குதற்கு அணிவது. அலங்காரப் பொருள் விற்குங் கடையிலே வளையலோடும் நகப்பூச்சோடும் அதுவும் விலைப்படுதலைக் கண்டுள்ளோம். ஒருத்தி அணிந்ததைத் தோழி வாங்கி அணிந்து பார்த்தலுங் கண்டுள்ளோம். வலு இல்லையாயினும் விழியை மூடும் வேலை அதற்கும் உண்டு. சாயம் பூசியதாகலின் ஒட்சிசனைத் தடுத்தலும் உண்டு. அமெரிக்காவிலே 2005 முதல் அலங்கார வில்லையையும் மருத்துவச் சாதனமாகவே சட்டம் கொள்ளுகின்றது. வைத்தியத் துண்டின்றி விற்றல் அங்கே குற்றம். அச்சட்டத்தை இயற்றியோர் அழகை வெறுத்தவரல்லர். தமிழ்ப்பெண்ணுக்குக் கருவிழி குறையென்று எவர் சொன்னாரோ, அவரிடமே அதற்கு விடை கேட்போம்.

விக்தர்லே தம் மேசையிலே வில்லை வார்த்த அதே 1961ஆம் ஆண்டிலேதான் இந்நாட்டிலே வைத்தியர் ஹட்சன் சில்வா கண் தானச் சங்கத்தைத் தோற்றுவித்தார். இறந்தாரின் விழிவெண்படலத்தை எடுத்து, அது வெளுத்துப்போனார்க்குப் பொருத்துதற்குக் கொடுப்பது அச்சங்கத்தின் பணி. 1964இலே பிறநாட்டுக்கும் அனுப்பத் தொடங்கினர். முதலிற் பெற்றது சிங்கப்பூர். இன்றுவரை ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலே நம் நாட்டார் விழியாற் பார்க்கின்றவர் உளர். சிபிச் சக்கரவர்த்தி கண்ணீந்த சாதகக் கதை பௌத்தர்க்கு வழிகாட்டியது. நமக்குக் கண்ணப்பர் இருக்கின்றார். இறந்த பின்னும் பிறர்க்கு உதவும் அந்த அரை மில்லிமீற்றர்ப் படலத்தை, உயிரோடிருக்கையிலே கிணற்றுநீராலும் பூனைக்கண் ஆசையாலும் கெடுத்துக்கொள்கின்றோம். மேற்சொன்ன மாணவியும் இப்பொழுது அத்தகைய தானத்துக்குப் பெயர் கொடுத்துக் காத்திருக்கின்றாள்.

இனி, மொழிக்கு வருவோம். 1847இலே இலங்கைக்கு வந்து மானிப்பாயிலே வைத்தியஞ் செய்த வைத்தியர் கிறீன், அமெரிக்கராயிருந்தும் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைப் படிப்பித்தார். அங்காதிபாதம் முதலிய துறைகளை நூலாக்கினார். வேண்டிய கலைச்சொற்களைத் துணைவரோடு இருந்து ஆக்கினார். பின்னாளிலே 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களத்தார் துறைதோறுஞ் சொற்றொகுதி வெளியிட்டனர். அவ்வழி வந்த நாம், இன்று ஒரு வில்லைப் பெட்டியை எடுத்துப் பார்ப்போமாயின் யாது காண்கின்றோம்? யாம் கையில் எடுத்துப் பார்த்த பெட்டிகள் ஒன்றிலேனுந் தமிழ் எழுத்து ஒன்றில்லை. உள்ளே மடித்து வைத்த தாளிலே ஆங்கிலமும் வேறு பல மொழிகளும், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்திலே. வெள்ளெழுத்துக் கண்ணாடியை அணிந்தும் எமக்கு அது படிக்க அரிதாயிற்று. வில்லை வேண்டுமளவு பார்வை குறைந்த பிள்ளை எங்ஙனம் படிக்கும்? ஆங்கிலம் வல்லார் எப்படியோ அறிந்துகொள்வர். நகரத்து வீட்டிலே தமையனோ தமக்கையோ சொல்லிக் கொடுப்பர். கிராமத்துப் பாடசாலையிலிருந்து வரும் பிள்ளைக்கு வழிகாட்டுவது அயற்பிள்ளையின் வழக்கமே. அப்பிள்ளை கிணற்றுநீரிலே கழுவினால் இதுவும் அதிலே கழுவும்.

விற்பவர் தமிழிலும் ஒரு தாள் கொடுத்தல் வேண்டும். அதுவரை விஞ்ஞான ஆசிரியர் கண்ணின் படத்தைக் கரும்பலகையிலே வரையும் நாளில் வில்லைக்கு ஒரு கால்மணி ஒதுக்குவாராக. தமிழாசிரியர் அதற்குரிய சொற்களை அமைத்து உதவுவாராக. பெயரைப் பொறுத்தவரை எம் விருப்பம் ‘விழிவில்லை’. அது தொடுதலையும் ஒட்டுதலையும் விட்டு இடத்தை மாத்திரங் குறிக்கின்றது. இடத்தாற் பெயர் பெறுதல் மரபுமாகும். வேறு நல்ல சொல் தருவார் உளராயின் இப்பகுதியிலே எழுதுக, வாதிடுவோம்.

அண்மையிலே எம்மூர் மருந்துக்கடைக்காரர் ஒருவர், வில்லைக் கரைசல் வாங்க வருவார்க்குக் கொடுக்கத் தமிழிலே ஒரு பக்கம் எழுதித் தருமாறு கேட்டார். கண் வைத்தியர் ஒருவர்க்குக் காட்டித் திருத்தி எழுதிக் கொடுத்தோம். அவர் படித்துப் பார்த்து, ‘விழிவில்லை’ வருமிடமெல்லாம் அடைப்புக்குள் ‘கொன்ராக்ற் லென்ஸ்’ என்று எழுதினார். ‘கழுவற்க’ என்பதை வெட்டிவிட்டுக் ‘கழுவக் கூடாது’ என்றார். விட்டுவிட்டோம். ‘எந்த நீரும் ஆகாது என்று இருக்கிறதே, கிணற்றுநீர், குழாய்நீர் என்று தனித்தனி வேண்டுமோ, தாளிலே இடம் போதாது’ என்றார். எழுத்தைச் சிறிதாக்கினும் ஆக்குக, கிணற்றுநீர் என்னுஞ் சொல்லை மாத்திரம் எடுக்கலாகாது என்று கூறி வந்தோம்.